வீட்டிலேயே இருங்கோ

பேர்பெச்சுவா அக்காவின் குரலைத் தெரியாத தமிழர் எங்கள் ஊரில் இல்லை. ஊர் என்று நான் சொல்வது ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி, இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்ன நகரம். முப்பத்துநான்கு தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு நடக்கும் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசையில் முதல் வாசகத்தை அக்காதான் வாசிப்பார். சைவ ஆட்களின் கலியாண வீடுகளிலும் அறிவித்தல் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். உரத்துக் கத்தாமலே மண்டபத்தின் கடைசிக் கதிரை வரைக்கும் போய்ச் சேரும் குரல்.

அவர் மன்னாரில் பேசாலையில் பிறந்தவர். தொண்ணூற்றாறில் இங்கே வந்து, அகதி முகாமில் இருந்த இரண்டு வருடத்துக்குள் ஜேர்மன் மொழியைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. கணவர் அலோசியஸ் அண்ணை லொறி ஓட்டுகிறார். மகள் லவினியா கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிறாள். யாருக்காவது வைத்தியரைச் சந்திக்க டெர்மின் என்று நேரம் எடுக்க வேண்டும், நகரசபைக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்றால் அக்காவின் சாப்பாட்டு மேசைக்குத்தான் போவார்கள். நான் இந்த ஊரில் தபால் கொண்டு போய்க் கொடுப்பவன். சில கடித உறைகளைப் பார்த்ததுமே, இது இன்று பின்னேரம் பேர்பெச்சுவா அக்கா வீட்டுக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இந்த நாட்டில் வருடத்துக்கு ஒருநாள் எச்சரிக்கைச் சோதனை நடத்துவார்கள். பகல் பதினொரு மணிக்கு ஊர்ச் சைரன்கள் எல்லாம் ஒன்றாக ஊதும். கைத்தொலைபேசிகளும் சேர்ந்து அலற வேண்டும் என்று முதல் தடவையாக அரசாங்கம் ஏற்பாடு செய்தது ஒரு டிசம்பர் மாதத்தில். எங்களில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் போன் அப்படிக் கத்தும் என்று நினைக்கவில்லை.

கமலநாயகி அக்கா அப்போது குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். போர் முடியும் வரைக்கும் வன்னியில் இருந்துவிட்டு, பிறகு கணவர் செல்வரட்ணம் அண்ணையிடம் வந்து சேர்ந்தவர். ஆற்றங்கரைத் தெருவில் பாதி நிலத்துக்குக் கீழே இருக்கும் ஒரு வீட்டில் இருவரும் இருந்தார்கள். அப்படிப்பட்ட வீடுகளை நாங்கள் கெல்லர் வீடு என்போம். சைரனும் போனும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கியதும் கமலநாயகி அக்கா கத்தியைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பாய்ந்திருக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆசுப்பத்திரிக்கு மொழிபெயர்க்கப் போனது பேர்பெச்சுவா அக்கா. எப்படி விழுந்தீர்கள் என்று வைத்தியர் கேட்டார்.

"கிபிர் வருது எண்டு நினைச்சன்," என்றார் கமலநாயகி அக்கா.

கிபிர் என்பது குண்டு போடும் விமானம் என்பதை அந்த இளம் வைத்தியருக்கு விளங்கப்படுத்தத் தனக்கு வெகுநேரம் பிடித்ததாக அக்கா பிறகு சொன்னார்.

அதனால்தான் அடுத்த வருடச் சோதனைக்கு முதல்நாள், வேலை இடத்தில் இடைவேளை நேரம் மெசின்களை நிற்பாட்டிவிட்டு, எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு அவர் ஒரு குரல் செய்தி அனுப்பினார். திகதியையும் நேரத்தையும் மேலே தனியாக எழுதி அனுப்பினார். குரலில் இருந்தது இவ்வளவுதான்:

"வணக்கம், நான் பேர்பெச்சுவா கதைக்கிறன். சைரன் அடிக்கும், போனும் கத்தும். ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. இது சும்மா சோதினைதான். இஞ்ச சண்டையும் இல்லை, குண்டும் இல்லை. எழும்பி ஓடாதேங்கோ. வீட்டிலேயே இருங்கோ. கொஞ்ச நேரத்தால அது தன்ர பாட்டில நிண்டிடும்."

அந்த முறை ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நகரசபையில் இடர்காப்புக்குப் பொறுப்பாக இருந்த பிறவ் கெஸ்லர் என்ற பெண்மணி அக்காவைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். நகரசபைச் செய்தித்தாளில் படமும் வந்தது. நானே அந்தக் குரல் செய்தியை டிரெஸ்டனில் இருக்கும் என் தம்பிக்கு அனுப்பினேன். அனுப்பும்போது குரலை மட்டும்தான் அனுப்பினேன், மேலே எழுதியிருந்த திகதியை விட்டுவிட்டேன். என்னைப் போலத்தான் எல்லோரும் அனுப்பியிருப்பார்கள்.

கமலநாயகி அக்கா அதைத் தன் போனில் சேமித்து வைத்துக்கொண்டார். தீயணைப்புப் படை மாதத்தில் ஒரு சனிக்கிழமை சைரனைச் சோதித்துப் பார்க்கும். அந்தச் சத்தம் கேட்டவுடனே அவர் பேர்பெச்சுவா அக்காவின் குரலைப் போட்டுக் கேட்பாராம். "மனிசிக்கு உங்கட குரல்தான் மருந்து," என்று செல்வரட்ணம் அண்ணை ஒரு பிறந்தநாள் வீட்டில் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

வெள்ளம் வந்தது அதற்கடுத்த யூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வியாழன் இரவு தொடங்கிய மழை விடவில்லை. எங்கள் ஆறு மற்ற நாட்களில் பிள்ளைகள் செருப்போடு நடந்து கடக்கும் ஆறு. அன்று பின்னேரம் நான்கு மணிக்கு அது பாலத்துக்கு மேலால் வந்தது.

பேர்பெச்சுவா அக்கா வேலையில் இருந்தார். முதியோர் இல்லத்தின் கீழ்மாடியில் பதினோரு பேர் படுக்கையில். லிப்டை நிற்பாட்டச் சொல்லிவிட்டார்கள். தோய்க்கிறவர், சமைக்கிறவர் என்று பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து ஆட்களை விரிப்போடு தூக்கிப் படியேற்றினார்கள். நான்கு இருபதுக்குப் போன் அலறியது. உயிராபத்து என்று ஜேர்மன் மொழியில் ஒரு செய்தி. வெளியே சைரன் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதியது.

அக்கா படியில் நின்றபடியே குழுவுக்கு ஒரு வரி எழுதினார். "வெள்ளம் வருது. எல்லாரும் மேல போங்கோ. கெல்லரில நிக்காதேங்கோ." அனுப்பிவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கிழவரைத் தூக்கப் போனார். பதினோரு பேரையும் மேலே கொண்டு போய் முடிக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கமலநாயகி அக்கா வீட்டில் தனியே இருந்தார். செல்வரட்ணம் அண்ணை ஸ்டுட்கார்ட்டுக்கு ஒரு அந்தியேட்டிச் சடங்குக்குப் போயிருந்தார். கமலநாயகி அக்காவுக்குக் கண்ணாடி போட்டாலும் போனின் எழுத்துத் தெரியாது, குழுவில் வருவதில் குரலாக வருவதை மட்டும்தான் கேட்பார். முற்றத்துப் படிகளால் இறங்கிய தண்ணீர் கதவை வெளியிலிருந்து அழுத்திவிட்டது. தீயணைப்புப் படையினர் ஆறு மணிக்குப் பிறகு யன்னல் கம்பியை வெட்டி உள்ளே இறங்கினார்கள். அப்போது அவர் உயிரோடு இல்லை.

செத்தவீட்டில் பேர்பெச்சுவா அக்கா பெட்டிக்குக் கிட்டப் போனார். செல்வரட்ணம் அண்ணை கதிரையிலிருந்து எழும்பினார். அவர் அதட்டவில்லை. எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, ஆறுதலாகச் சொன்னார்.

"நீங்கள் சொன்னபடிதான் இருந்தவ. ஓடாதேங்கோ எண்டு சொன்னீங்கள், அவ ஓடேல்லை. சைரன் அடிக்க உங்கட குரலைப் போட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தவ."

அந்த மண்டபத்தில் எழுபது எண்பது பேர் இருந்தோம். அந்தக் குரல் செய்தியைப் பாதிப் பேராவது யாருக்காவது அனுப்பியிருப்போம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அலோசியஸ் அண்ணை வந்து அக்காவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அக்கா பூசையில் வாசிப்பதை விட்டார். பூசைக்கு வருவார், கடைசி வாங்கில் இருப்பார், முடிந்ததும் ஒருவரோடும் கதைக்காமல் போய்விடுவார். வட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். கடிதங்களோடு அவர் வீட்டுக்குப் போனவர்களும் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். சிலர் அவர் மேல் கோபத்தில், சிலர் என்ன கதைப்பது என்று தெரியாமல். வெள்ளத்துக்குப் பிந்திய அந்தக் கோடை முழுவதும் காப்புறுதிக் கடிதங்களும் நகரசபைக் கடிதங்களுமாக என் பை நிறைந்திருந்தது. யாரிடம் அவற்றை வாசிப்பித்தார்களோ தெரியாது.

"ஒண்டை மட்டும் யோசிக்கிறன்," என்று அக்கா ஒருநாள் வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். "சோதினைக்கு மெசினெல்லாம் நிப்பாட்டி வடிவாக் கதைச்சு அனுப்பினன். உண்மையில வெள்ளம் வரேக்க ஒரு வரி எழுதிப்போட்டு விட்டிட்டன். ஒரு நிமிசம் கதைச்சிருக்கலாம் தம்பி."

"நீங்கள் அப்ப ஆக்களைத் தூக்கிக்கொண்டு நிண்டனீங்கள் அக்கா."

"ஓம். அதையும் யோசிக்கிறன்."

செப்டெம்பரில் பிறவ் கெஸ்லர் அவரை நகரசபைக்கு அழைத்தார். வெள்ளத்துக்குப் பிறகு இருபத்துநான்கு பக்கத்தில் ஒரு கைநூல் தயாரித்திருந்தார்கள். அதை ஒன்பது மொழிகளில் அச்சடிக்கப் போவதாகவும், தமிழுக்கு அக்காதான் வேண்டும் என்றும் சொன்னார். அக்கா அதை முழுவதும் வாசித்தார். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. பிறகு, இதைத் தன்னால் செய்ய ஏலாது என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டார். பிறவ் கெஸ்லர் கோபிக்கவில்லை. அப்படியானால் வேறு என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கு அக்கா, சனத்திடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

ஒக்டோபரிலிருந்து வேலை முடிந்த பின்னேரங்களில் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். ஒன்றும் சொல்லிக் கொடுக்கப் போகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான்: சைரன் அடித்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

இரண்டு வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் திறந்து, "இன்னும் ஆரைச் சாக்காட்டப் போறியள்?" என்று கேட்டுவிட்டு மூடினார்கள். அன்று அவர் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. மறுநாள் போனார்.

கதைத்தவர்கள் சொன்னவை அவரைத் திடுக்கிட வைத்தன. குணசேகரம் அண்ணை இரும்புத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர், நன்றாக ஜேர்மன் கதைப்பார். அவர் சொன்னார்:

"நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கெல்லருக்குள்ள இறங்கினனான்."

"வெள்ளத்துக்கோ அண்ணை?"

"வெள்ளம் எண்டு ஆருக்குத் தெரியும்? சைரன் அடிச்சா, சத்தம் கேட்டா, கீழ போகோணும். பங்கருக்க போகோணும். உங்களுக்கும் எனக்கும் அதைத்தானே சின்னனில இருந்து பழக்கினவை. கால் ஈரமான பிறகுதான் மேல ஓடி வந்தனாங்கள்."

அப்படிக் கீழே இறங்கியவர்கள் இன்னும் நான்கு குடும்பம் இருந்தார்கள். வேறு சிலர், சைரன் என்றால் எங்கோ வீடு எரிகிறது, அது தீயணைப்புப் படையின் பாடு என்று நினைத்திருந்தார்கள். கெல்லர் வீடொன்றில் இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியே இருக்கும் வெரோனிக்கா, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று போனின் எச்சரிக்கையையே நிற்பாட்டி வைத்திருந்தாள். அன்று அவர்கள் தப்பியது, பிள்ளைகள் கேட்டார்களே என்று அந்த மழைக்குள்ளும் ஐஸ்கிறீம் வாங்க வெளியே கூட்டிக்கொண்டு போனதால்தான்.

இருபத்துநான்கு பக்கத்தில் இவை ஒன்றும் இல்லை. தன்னுடைய குரல் செய்தியிலும் இல்லை. இவ்வளவு காலம் இவர்களுக்காகக் கதைத்தும், இவர்களிடம் ஒருநாளும் எதையும் கேட்டதில்லையே என்று அக்கா அலோசியஸ் அண்ணையிடம் சொல்லி அழுதாராம்.

நவம்பரில் செல்வரட்ணம் அண்ணையின் வீட்டு மணியை அடித்தார். நகரசபை அவருக்கு மூன்றாம் மாடியில் ஒரு அறை கொடுத்திருந்தது. அவர் கதவைத் திறந்து அக்காவைப் பார்த்தார். பிறகு உள்ளே வரச் சொல்லித் தேத்தண்ணீர் வைத்தார். அக்கா கேள்வியைக் கேட்கத் தயங்கி இருந்தார். செல்வரட்ணம் அண்ணை தானாகவே சொன்னார்.

"அண்டைக்கு அவ எனக்குப் போன் எடுத்தவ."

"எத்தினை மணிக்கு?"

"நாலரைக்கு. சைரன் அடிக்குது, பேர்பெச்சுவா சொன்னதைப் போட்டுக் கேட்டனான், ஆனா இந்த முறை நிக்கேல்லை, வெளியில ஆக்கள் ஓடுற மாதிரிக் கிடக்கு, என்ன செய்ய எண்டு கேட்டவ. நான் பந்தியில இருந்தனான். நான் சொன்னன், ஒண்டுமில்லை, இரும், வெளிக்கிட்டு நனையாதையும் எண்டு." அவர் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டே சொன்னார். "அவ வெளிக்கிடத்தான் நிண்டவ. நான்தான் இருக்கச் சொன்னனான்."

"ஏன் அண்ணை செத்தவீட்டில அப்பிடிச் சொன்னீங்கள்?"

"வாயில வந்திட்டுது."

"அஞ்சு மாசம்," என்றார் அக்கா. "அஞ்சு மாசமா நான் ஒரு சனத்தின்ர முகத்தையும் நிமிந்து பாக்கேல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ இருந்தனீங்கள்?"

அக்கா தேத்தண்ணீரைத் தொடாமல் எழும்பி வந்துவிட்டார். மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது என்றார். பாரம் குறையும் என்று நினைத்தால், கோபம்தான் வந்ததாம். கோபம் ஆறிய பிறகு பழைய பாரமும் அப்படியே இருந்ததாம்.

அலோசியஸ் அண்ணை இதை அடுத்த பூசையிலேயே எழும்பிச் சொல்லப் போவதாகக் குதித்தார். அக்கா விடவில்லை. "அந்த மனிசன் சாப்பிடுறேல்லை. குசினியில ஒரு சட்டிகூட இல்லை," என்றார். எனக்கு இந்தக் கதையைச் சொன்னதே இந்த வருடம்தான். இப்போது எழுதுவதற்கு முன் செல்வரட்ணம் அண்ணையிடம் கேட்டேன். எழுதும் என்றார்.

டிசம்பரில், பூசை நடக்கும் கோயிலின் மண்டபத்தில் அக்கா ஒரு கூட்டம் வைத்தார். பிறவ் கெஸ்லரும் வந்தார். குரல் செய்தி இனி வேண்டாம் என்று அக்கா சொன்னார். எச்சரிக்கை வந்தால் ஒவ்வொருவரும் இரண்டு பேருக்குப் போன் எடுக்க வேண்டும். எடுத்து, மற்றவர் தன் வாயால் "நான் மேல போறன், இன்னார் வீட்டை போறன்" என்று சொல்லும் வரைக்கும் வைக்கக் கூடாது. பதில் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். வெள்ளம் என்றால் மேலே. பங்கரை மறவுங்கோ என்று அவர் சொன்னபோது பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். குணசேகரம் அண்ணை சிரிக்கவில்லை.

இருபத்தொரு குடும்பம்தான் பெயர் கொடுத்தது. செல்வரட்ணம் அண்ணை பின்னால் வந்து இருந்தார். கூட்டம் முடிந்து போகும்போது அக்காவிடம் வந்து, "கெல்லர் வீடுகளை எனக்குத் தாங்கோ. தட்டுறது நான்," என்றார். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமலே பெயரை எழுதினார். ஆற்றங்கரைத் தெருவில் இன்னும் நான்கு தமிழ்க் குடும்பங்கள் நிலத்துக்குக் கீழேதான் இருந்தன. அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது.

சனவரியில், ஒரு சனிக்கிழமை காலை, மலையில் பனி உருகி மழையும் சேர்ந்து பெய்ய எச்சரிக்கை வந்தது. இந்த முறை அக்கா எழுதவில்லை. போன் எடுத்தார். நான் தபால் வண்டியை ஓரத்தில் நிற்பாட்டிவிட்டு எனக்குரிய இருவருக்கும் எடுத்தேன். ஒருவர், "சரி சரி, பாப்பம்," என்று வைக்கப் பார்த்தார். எங்கே போகிறீர்கள் என்று மூன்று முறை கேட்டேன். ஏசிக்கொண்டே சொன்னார். ஆற்றங்கரைத் தெருவில் செல்வரட்ணம் அண்ணை குடைகூட இல்லாமல் ஒவ்வொரு வாசலாக இறங்கி இரண்டு கையாலும் கதவில் அடிப்பதை நானே கண்டேன். ஒன்றரை மணித்தியாலத்தில் நான்கு குடும்பமும் கோயில் மண்டபத்தின் மேல்மாடியில் இருந்தார்கள்.

ஆறு பாலத்தின் அடியைத் தொட்டது. மத்தியானம் ஒரு மணிக்கு இறங்கத் தொடங்கியது. ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை.

மண்டபத்தில் முகங்கள் மாறுவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு அன்றைய வேலை தவறிவிட்டது, இன்னொருவருக்குக் கார் பழக்கும் டெர்மின் தவறிவிட்டது. "ஒவ்வொரு மழைக்கும் இப்பிடி எழுப்பினா அடுத்த முறை நான் போனே எடுக்க மாட்டன்," என்றார் கெல்லர் வீட்டுக்காரர் ஒருவர். குணசேகரம் அண்ணை அவரைப் பார்த்து, "போன் எடுக்காட்டி இந்த மனிசன் கதவை உடைப்பான்," என்று செல்வரட்ணம் அண்ணையைக் காட்டினார். சிலர் சிரித்தார்கள். சொன்னவர் சிரிக்கவில்லை, உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"நீங்கள் செய்தது சரி அக்கா," என்று நான் சொன்னேன். செத்தவீட்டில் சொல்லாமல் விட்டதற்கு அது ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

"அவர் அடுத்த முறை எடுக்க மாட்டார் தம்பி," என்றார் அக்கா. "அவரிட்டை நாளைக்குப் போகோணும். கோபத்தில இருக்கேக்கயே போனாத்தான் உள்ளதைச் சொல்லுவார்."

எல்லோரும் கலைந்த பிறகு வெரோனிக்கா மட்டும் மெத்தைகளோடு நின்றாள். தண்ணீர் வந்துவிடும் என்று பயந்து, பிள்ளைகளின் மெத்தை இரண்டையும் போர்வைகளையும் மேலே கொண்டு வந்திருந்தாள். அக்கா ஒரு மெத்தையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், வெரோனிக்கா மறுபக்கம். மற்ற மெத்தையை நானும் செல்வரட்ணம் அண்ணையும் பிடித்தோம். மழை விட்டிருந்தது. ஆற்றங்கரைத் தெருவால் நடந்து, முற்றத்துக்குப் போய், வெரோனிக்காவின் கெல்லர் வீட்டுக்குள் எட்டுப் படிகளாலும் இறங்கி, மெத்தைகளைத் திரும்பக் கட்டிலில் போட்டோம்.